கீறல் சாகுபடி

காவிரிப் படுகையில் தண்ணீர் ஒழுங்காக வந்த ஆண்டில் குறுவை, தாளடி, அதற்குமேல் உளுந்து என்று மூன்று அறுவடை பார்ப்பார்கள். அதற்கு ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறக்க வேண்டும், குடகில் மழை பெய்ய வேண்டும், வாய்க்கால் தூர்வாரியிருக்க வேண்டும். எங்கள் எதிர் குவார்ட்டர்ஸ் சாருக்கு இதில் எதுவும் வேண்டியதில்லை. திருச்சி கைலாசபுரத்தில், ஒரு மரத்தடியில், ஒரு கறுப்பு நிறக் காரின் மேல், மாதம் ஒன்று வீதம் ஆண்டுக்குப் பன்னிரண்டு போகம் எடுக்கிறார். பயிர், கீறல்.

விதைப்பு தினமும் நடக்கும். காலை ஆறேகாலுக்குக் கையில் மஞ்சள் துணியோடு வருவார். தண்ணீர் படாத துணி. "தண்ணிய வீணாக்கக் கூடாது தம்பி" என்பார். தஞ்சாவூர் ரோட்டு லாரிகள் கிளப்பிய புழுதி இரவெல்லாம் பானட்டில் இறங்கியிருக்கும். புழுதியில் மணல், மணலில் குவார்ட்ஸ். பெயின்ட்டுக்கு மேலே கண்ணாடி மாதிரிப் படிந்திருக்கும் கிளியர் கோட்டைவிட அது பல மடங்கு கெட்டி. சார் துணியை வட்டமாகச் சுழற்றச் சுழற்ற ஒவ்வொரு துகளும் ஒரு குட்டி ஏர். பானட், கூரை, நாலு கதவு, டிக்கி என்று ஒரு சாண் இடம் தரிசாக விடமாட்டார். மற்றவர்கள் முதலில் தண்ணீரைப் பீய்ச்சிப் புழுதியை இறக்கிவிட்டு, ஷாம்பூவுக்கு ஒரு வாளி, துணி அலச ஒரு வாளி என்று வைத்துக்கொண்டு கழுவுகிறார்கள். அப்படிக் கழுவினால் கீறல் எங்கிருந்து விளையும்?

விளைச்சலை வெயிலில் பார்க்க வேண்டும். காலை பத்து மணிக்குப் பானட்டில் சூரியன் தெரியும் இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை போல வட்ட வட்டமாக ஆயிரம் மெல்லிய கோடுகள் தெரியும். கோடுகள் உண்மையில் எல்லாத் திசையிலும்தான் ஓடுகின்றன. வெளிச்சத்துக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் மின்னுவதால் கண்ணுக்கு வட்டமாகப் படுகிறது. என்னைப் போல வெள்ளைக் கார் வைத்திருக்கும் சோம்பேறிகளுக்கு இந்தப் பாக்கியம் இல்லை. எங்கள் வண்டியிலும் கீறல் உண்டு, தெரிவதில்லை. சார் கறுப்புதான் வேண்டும் என்று மூன்று மாதம் காத்திருந்து வாங்கினார். கரிசல் மண் மாதிரி, போட்டது முளைக்கும்.

அறுவடை, மாதத்தின் முதல் ஞாயிறு.

கைலாசபுரம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. 1960-களில் செக்கோஸ்லோவாக்கியாவின் துணையோடு திருவெறும்பூரில் பெல் பாய்லர் தொழிற்சாலை எழுந்தபோது, அங்கே வேலைக்கு வந்தவர்களுக்காகக் கூடவே எழுந்த குடியிருப்பு இது. செக்டார் செக்டாராகப் பிரித்த நேரான தெருக்கள், ஆளுக்கு முந்தி நட்டு ஆளுக்குப் பிந்தியும் நிற்கும் மரங்கள். ஞாயிறு காலை அங்கே சத்தம் என்றால் குயிலும் குக்கர் விசிலும்தான். இரண்டும் ஓய்ந்து மனிதன் செய்தித்தாளை விரிக்கும் நேரம் பார்த்து, சார் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை ஜன்னல் வழியாக வெளியே விடுவார். பிறகு நாலு மணி நேரம் தெருவில் யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுச் சண்டைகள் பல இதனால் தள்ளிப்போயிருக்கின்றன. இந்தப் பொதுச் சேவைக்காக அவர் காசு கேட்டதில்லை.

அவர் கையில் இந்தப் பாலிஷ் கலை வந்து சேர்ந்த வரலாறு பெரிது. முதல் மிஷின், தெரிந்த வெல்டரிடம் இரவல் வாங்கிய ஆங்கிள் கிரைண்டர். இரும்பு அறுக்கும் கருவி. நிமிஷத்துக்கு ஏறக்குறைய 11,000 சுற்று. அதில் கம்பளி பேடை மாட்டினார். பாலிஷ் போடுவதற்கென்றே செய்த ரோட்டரி மிஷினைக்கூடப் பட்டறையில் 1,000, 1,500, மிஞ்சிப்போனால் 2,000 சுற்றில் ஓட்டுவார்கள். அவர்கள் கூலிக்கு வேலை பார்ப்பவர்கள், நேரத்தை இழுப்பார்கள். சார் ஐந்து மடங்கு வேகத்தில் பின்கதவுக் கைப்பிடிக்குக் கீழே வைத்த மூன்றாவது நொடியில் பெயின்ட் வெந்து, ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குச் சுருங்கியது. அந்த இடத்தில் இப்போது 'முருகன் துணை' ஒட்டியிருக்கிறது. காரில் சாமிக்கு இடமே ஒதுக்கவில்லையே என்று குறைபட்டுக்கொண்டிருந்த அவர் மனைவிக்கு அன்றைக்கு நிம்மதி.

இரண்டாவதாக வாங்கியது அசல் ரோட்டரி. வாங்குமுன் நான்கூட அறியாமையில் ஒரு யோசனை சொன்னேன். டி.ஏ. என்று ஒரு வகை மிஷின் இருக்கிறது. அதில் பேட் தன்னைத்தானே சுற்றிக்கொண்டே ஒரு சின்ன வட்டத்தில் ஆடவும் செய்யும். சூடு ஒரே இடத்தில் சேராது. ஆள் தெரியாமல் அழுத்திவிட்டாலும் பேட் சுற்றுவதை நிறுத்திவிடுமே தவிரப் பெயின்ட்டைத் தோண்டாது. வீட்டில் செய்கிறவர்களுக்கு அதைத்தான் சொல்வார்கள், கத்துக்குட்டியின் தப்பையும் பொறுத்துப்போகும் மிஷின் என்று. சார் சிரித்தார்.

"அது நடுங்குது தம்பி, சுத்தலை. தப்புப் பண்றவனுக்குத்தான பொறுத்துப்போற மிஷின் வேணும்?"

நியாயம். ரோட்டரியை எடுத்த முதல் மாதமே காரில் மாக்கோலம் விழுந்தது. பேட் போன தடமெல்லாம் வெயிலில் வானவில் நெளிவாகத் தெரியும். தொழிலில் இதற்கு ஹோலோகிராம் என்று பெயர். கைதேர்ந்தவர்கள் இதை மிருதுவான ஃபோம் பேடாலும் நயமான பாலிஷாலும் இன்னொரு முறை ஓட்டி எடுத்துவிடுவார்களாம். ஸ்ரீரங்கத்து மாட வீதிகளில் கோலம் பார்க்க மார்கழி வரை காத்திருக்க வேண்டும். எங்கள் தெருவில் பன்னிரண்டு மாதமும் பார்க்கலாம், மழையிலும் அழியாது. இதைப் போய் எடுப்பார்களா?

தயாரிப்பு வேலைகளில் அவர் நேரத்தை வீணாக்குவதில்லை. கிளே பார் என்று களிமண் மாதிரி ஒரு வில்லை விற்கிறார்கள்; சோப்புத் தண்ணீர் தெளித்து வழுக்கினால் பெயின்ட்டில் குத்தி நிற்கும் இரும்புத் தூளையும் தார்ப் பொட்டையும் இழுத்துக்கொள்ளும். துவாக்குடிப் பட்டறைகளில் நாளெல்லாம் கிரைண்டர் ஓடுகிற வட்டாரம் இது, இரும்புத் தூளுக்குப் பஞ்சமில்லை. சார் அதை எடுப்பதில்லை. தூளும் பேடோடு சேர்ந்து உழைக்கட்டும் என்று விட்டுவிடுகிற பெருந்தன்மை. முதலில் ஓரமாக ஒரு சாண் இடத்தில் இருப்பதிலேயே சாதுவான பாலிஷைப் போட்டுப் பார், போதவில்லையென்றால் அடுத்ததற்குப் போ என்பது எழுதப்படாத சட்டம். சார் நேராகக் கட்டிங் காம்பவுண்டில் தொடங்குவார். விருந்தில் பாயசத்தை முதலில் குடிக்கிறவரை யாரும் தடுக்க முடியாது.

அவர் வேலை பார்ப்பது தரக்கட்டுப்பாட்டில் என்பதையும் சொல்ல வேண்டும். பாய்லர் குழாயின் சுவர்க் கனத்தை அல்ட்ராசோனிக் கருவி வைத்து அளப்பது அவருடைய அன்றாடம். நீராவியின் அழுத்தத்தையும் சூட்டையும் வருஷக்கணக்கில் தாங்க வேண்டிய குழாய். வரைபடத்தில் போட்ட குறைந்தபட்சக் கனத்துக்கு ஒரு நூல் கீழே இறங்கினாலும், யார் சொன்னாலும், தள்ளி வைத்துவிடுவார். அளக்காமல் குழாயில் கிரைண்டரை வைத்த பையன் ஒருவனை அவர் வாங்கு வாங்கென்று வாங்கிய கதையை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவர் வீட்டுக்கு வந்துவிட்டால் அளவு என்ற பேச்சையே எடுப்பதில்லை. ஆபீஸை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்பதை இவ்வளவு கறாராகக் கடைப்பிடிக்கும் இன்னொரு மனிதரை நான் பார்த்ததில்லை.

அளந்தால்தான் தொந்தரவு. இந்தக் காலத்துக் காரில் தகட்டுக்கு மேல் பிரைமர், நிறம், கிளியர் எல்லாம் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 140 மைக்ரான்தான். தலைமயிர் ஒன்று சுமார் 70 மைக்ரான் என்றால், காரின் மொத்த அழகும் இரண்டு மயிர்க் கனம். அதில் கிளியர் மட்டும் 40, 50 இருக்கும். திருச்சி வெயிலின் புற ஊதாக் கதிர் உள்ளே நிறத்தைத் தொடாமல் காப்பது அதுதான். கீறலை யாரும் அழிப்பதில்லை, அழிக்கவும் முடியாது. பள்ளத்தை நிரப்ப மண் இல்லாதவன் சுற்றியுள்ள மேட்டையெல்லாம் வெட்டிப் பள்ளத்தோடு சமமாக்குவது போல, கீறலின் அடி வரைக்கும் மற்ற கிளியரைத் தேய்த்து இறக்குவதற்குப் பெயர்தான் பாலிஷ். நகத்தை ஓட்டிப் பார்த்து அது மாட்டினால், அந்தக் கீறலை அப்படியே விட்டுவிடு என்பார்கள், அந்த ஆழத்துக்கு வெட்ட முடியாது. ஒருமுறை கட்டிங் போட்டால் 2, 3 மைக்ரான் போகும். ஒரு காரின் ஆயுளில் இதை நாலைந்து முறை செய்யலாம். சார் வருஷத்துக்குப் பன்னிரண்டு முறை செய்கிறார். மூன்றால் பெருக்கிப் பாருங்கள். நான் பெருக்கிப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

பெயின்ட் கனம் பார்க்கும் மீட்டர் ஒன்று வாங்கிவிடலாமே என்று ஒருநாள் மெல்லக் கேட்டேன். அவருக்குத் தெரியாததா? "அது மொத்தக் கனத்தத்தான் காட்டும். கிளியர் மட்டும் எவ்வளவு மிச்சம்னு சொல்லாது. ஃபைபர் பம்பர்ல வேலையே செய்யாது" என்றார். நூற்றுக்கு நூறு சரி. குறையுள்ள மீட்டரைக் கொண்டு அளப்பதைவிட அளக்காமலே இருப்பது மேல் என்ற இடத்துக்கு வந்து சேர எத்தனை வருஷ அனுபவம் வேண்டும்.

இதே திருச்சியில் செயற்கை வைரம் பட்டை தீட்டிப் பிழைத்த குடும்பங்கள் ஏராளம். குச்சி நுனியில் அரக்கு வைத்துக் கல்லை ஒட்டி, சுழலும் தட்டில் முகம் முகமாகத் தேய்ப்பார்கள். அந்தத் தொழிலில் இருந்த பெரியவர் ஒருவரிடம் எங்கள் சாரைப் பற்றிச் சொன்னேன். "கல்லுக்குப் பட்டை ஒரு தடவதான் தம்பி. அழகா இருக்கேன்னு திரும்பத் திரும்ப வச்சா, கடைசியில குச்சிதான் மிஞ்சும்" என்றார். பாவம், ஏழைத் தொழிலாளி. பெரிய மனது வராது.

தேய்த்து முடித்த மாலையில் காரைப் பார்க்க வேண்டும். மரத்தின் ஒவ்வோர் இலையும் கதவில் தெரியும். தெருவில் போகிற நாய் தன்னையே பார்த்துக் குரைக்கும். அந்தக் காரை யாரும் தொடக் கூடாது. சாய்ந்து நிற்கக் கூடாது. மாடிவீட்டுக் குழந்தை மூக்கை வைத்துக் கண்ணாடிக்குள் பார்த்ததற்காக அதன் அப்பா மன்னிப்புக் கேட்டார். பக்கத்திலேயே திருவெறும்பூர் மலைமேல் எறும்பீஸ்வரர் இருக்கிறார். தேவர்கள் எறும்பு வடிவில் வந்து பூசை செய்யப் போனார்களாம். லிங்கத்தில் எண்ணெய்ப் பசை. எறும்புகளுக்குக் கால் வழுக்கியது. சிவன் புற்று வடிவாகித் தன்னைச் சொரசொரப்பாக்கிக்கொண்டு, அவை ஏறுவதற்குத் தோதாக ஒரு பக்கம் சாய்ந்தும் கொடுத்தார் என்பது தலபுராணம். அப்பர் பாடிய தலம். சாமி அன்றைக்கு எறும்புகளிடம் காட்டிய தளர்ச்சியைச் சார் ஒருநாளும் காட்டியதில்லை. பானட்டில் ஓர் எறும்பு ஏறினால் துணியை எடுத்துக்கொண்டு ஓடிவந்துவிடுவார். வெறுந்துணிதான்.

ஆனி மாதம் அவருடைய மாமியார் வந்திருந்தார். ஸ்ரீரங்கத்தில் ஜேஷ்டாபிஷேகம், காவிரியிலிருந்து யானைமேல் தங்கக்குடத்தில் தீர்த்தம் வருவதைப் பார்க்க வேண்டுமென்றார். கார் அன்றைக்கு விளிம்பெல்லாம் டேப் ஒட்டி நின்றது. "ஒட்டின டேப்பைப் பிரிச்சா மறுபடி ஒட்டணும்" என்று சார் விளக்கினார். எழுபது வயது அம்மாள் திருவெறும்பூரில் பஸ் ஏறி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் இடித்துப் பிடித்து ரங்கா ரங்கா கோபுரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். பிறகு அங்கே நடந்ததையெல்லாம் சொன்னார். பெருமாள் சுதைத் திருமேனி, அதனால் மூலவருக்குத் திருமஞ்சனம் கிடையாது, தைலக்காப்புதான். சாத்திவிட்டுக் காய்கிறவரை முகம் மட்டும் தெரியும்படி மூடி வைப்பார்கள் என்றார். "பூசறதோட சரி மாப்ள, யாரும் தேய்க்கறதில்ல" என்று கடைசியில் ஒரு வார்த்தை சேர்த்தார். சார் பதில் சொல்லவில்லை. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, காதில் விழுந்திருக்காது.

காய்கறிக்கு மொபெட், ஆலைக்கு சைக்கிள், கல்யாணத்துக்கு ஆட்டோ. கார் நின்ற இடத்தை விட்டு நகர்வது பேட்டரி இறங்காமலிருக்க மாதம் ஒருமுறை செக்டாரை ஒரு சுற்று. அதியமானுக்காகத் தூது போன அவ்வையாருக்குத் தொண்டைமான் தன் ஆயுதக் கொட்டிலைக் காட்டியதும், பீலி சூட்டி, மாலை போட்டு, நெய் தடவிப் பளபளவென்று இருந்த வேல்களை அவர் மெச்சியதும் புறநானூற்றில் இருக்கிறது. அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றும் சொன்னார். இந்தக் கதையைச் சாரிடம் சொல்லி, உங்கள் காரைப் பார்க்கும்போதெல்லாம் தொண்டைமான் ஞாபகம் வருகிறது சார் என்றேன். மனம் குளிர்ந்துபோய்க் காபி கொடுத்தார். "அந்தக் காலத்துலயே மெயின்டெனன்ஸ் இருந்திருக்கு பாருங்க."

சென்ற மாத அறுவடையை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கையை ஐந்து நொடி வைக்க முடியாத தகட்டில் பாலிஷ் போடக் கூடாது, நிழலில்தான் போட வேண்டும் என்பார்கள். மணி பதினொன்றரை, நிழல் மரத்தை விட்டு நகர்ந்துவிட்டது. காம்பவுண்ட் பானட்டில் விழுந்த வேகத்தில் காய்ந்து வெள்ளை மாவாகப் பறந்தது. சார் தோசைக்கல்லுக்குத் தெளிப்பது மாதிரி நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்து மிஷினை வைத்தார். பானட்டின் இரண்டு பக்கமும் நெடுக ஓடுகிறதே ஒரு மடிப்பு, அதன் முதுகில்தான் எப்போதும் கூடுதல் கவனம், அங்கேதான் வெளிச்சம் வெட்டும். விளிம்பிலும் மடிப்பிலும் பெயின்ட் இயல்பிலேயே மெல்லிசு, பேடின் மொத்த அழுத்தமும் அந்த ஒரு கோட்டில்தான் விழும். டேப் ஒட்டி விலகிப் போவார்கள். சார் விளிம்பில் டேப் ஒட்டுவார். மடிப்பில் மட்டும் அழகு குறையக் கூடாதென்று விட்டுவிடுவார்.

மிஷினை நிறுத்தித் திருப்பினார். மஞ்சள் பேட் முழுக்கக் கறுப்பு.

"பாருங்க தம்பி, எவ்வளவு அழுக்கு! தினமும் துடைக்கிறேன், அப்பவும் இவ்வளவு!"

பழைய அம்பாசடரில் கிளியர் கிடையாது, மேலேயே நிறம். அதைத் தேய்த்தால் துணியில் நிறம் வருவது சகஜம். கிளியர் அடித்த காரில் துணியில் வர வேண்டியது வெள்ளைக் காம்பவுண்ட்தான். கார் நிறம் வந்தால் கிளியரைத் தாண்டி உள்ளே போயாயிற்று என்று அர்த்தம். எனக்கு அப்போதே தெரிந்தது. ஆனாலும் அந்த முகத்தில் இருந்த சந்தோஷம்!

"சார், இவ்வளவு ஆழத்துல இருந்த அழுக்க இதுவரைக்கும் யாரும் எடுத்திருக்க மாட்டாங்க" என்றேன். அது சத்தியம்.

பாலிஷில் இருக்கும் எண்ணெய் இரண்டு கழுவலுக்கு எதையும் மறைத்துக் கொடுக்கும். மூன்றாம் வாரம் ஒரு மழை. மழை காய்ந்ததும் மடிப்பின் முதுகில் ஒரு முழ நீளத்துக்குச் சாம்பல் பூத்தது. துவாக்குடிப் பக்கம் ஷெட் வைத்திருக்கும் பெயின்டர் வந்தார். விரலை நாக்கில் நனைத்து அந்த இடத்தில் ஓட்டினார். ஈரம் இருந்தவரை கன்னங்கரேலென்று மின்னியது. உலர்ந்ததும் மறுபடி சாம்பல்.

"கிளியர் போயிருச்சு சார். இனி எந்தப் பாலிஷும் நிக்காது. பானட் முழுசா அடிக்கணும். கூரையிலயும் ரொம்ப இல்ல, கொஞ்ச நாள்தான் தாங்கும். பஃபிங் அடிச்சது யாரு?"

சார் என்னைப் பார்த்தார். "ஒரு ஸ்பெஷலிஸ்ட்" என்றேன்.

"அவர்கிட்ட இனிமே வண்டியக் குடுக்காதீங்க."

"நாங்க குடுக்கறதில்லங்க. அவரே எடுத்துக்கறார்."

காரை நேற்று ஷெட்டுக்கு எடுத்துப்போய்விட்டார்கள். திரும்ப வர இரண்டு வாரம் ஆகுமாம். புது கிளியர் நன்றாகக் காய்கிறவரை அதில் எதையும் போடக் கூடாதென்று பெயின்டர் இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனார். மிஷின் வராந்தாவில் இருக்கிறது. பேடுகளைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறார். இன்று காலை ஆறேகாலுக்குச் சார் மஞ்சள் துணியோடு வெளியே வந்து, காலி இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, என் வண்டிப் பக்கம் திரும்பினார். நான் மூடு துணியைப் போட்டுவிட்டேன். ஆகவே அடுத்த இரண்டு ஞாயிறு கைலாசபுரம் வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வண்டியைத் திருவெறும்பூரிலேயே நிறுத்திவிட்டுப் பஸ்ஸில் வாருங்கள்.